வரலாற்று ஆய்வேட்டைப் பரீட்சிப்போர் யார்?

முதுகலைமாணிப் பட்டத்துக்கென ஒரு மாணவர் எழுதும் வரலாற்று ஆய்வேட்டுக்கு நேர்வது யாது என்பதைப் பல்கலைக்கழகச் சூழலில் வாழும் யாவரும் அறிவர். கறுப்பு அட்டையிற் பொன்னெழுத்துப் பொறித்த பிரதிகள் கையளிக்கப்படும். பரீட்சகர் அவற்றை வாசிப்பர். அல்லது வாசித்ததாகக் கொள்ளப்படும். வாய்மொழிப் பரீட்சை என்ற பெயரிலே கதவடைத்த அறையொன்றிற் சிறிது நேரம் உரையாடல் நிகழும். தலைப்பிலுள்ள 'ஓர் ஆய்வு' என்பதனை 'ஒரு வரலாற்று நோக்கு' என மாற்றும்படியும், மூன்றாம் அத்தியாயத்து எழுத்துப் பிழைகளைக் களையும்படியும், உசாத்துணைப் பட்டியலை அகரவரிசைப்படுத்தும்படியும் மாணவர் பணிக்கப்படுவார். தேநீர் வரும். பட்டமும் பின்னர் வரும். ஆய்வேடோ நூலகத்தின் பூட்டிய அலுமாரியைச் சென்றடையும். இத்தனை சடங்குகளுக்கிடையிலும் ஒரேயொரு வினா மட்டும் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை: அடிக்குறிப்பிற் காட்டப்பட்ட ஆவணத்தில் உண்மையில் அவ்வாறுதான் எழுதப்பட்டுள்ளதா?

இவ்வினாவை எழுப்பாது விடுவதைப் பெருந்தன்மை எனச் சிலர் கருதுகின்றனர். மாணவர் மீது நம்பிக்கை வைத்தல் நல்லாசிரியரின் இயல்பு என்பது அவர்தம் வாதம். விஞ்ஞானத்துறையில் ஒருவர் செய்த பரிசோதனையை இன்னொருவர் மீளச் செய்து பார்ப்பதை அவநம்பிக்கை என எவருங் கூறுவதில்லை. வரலாற்று மாணவனின் ஆய்வுகூடம் அவனது அடிக்குறிப்பாகும். அதனுள்ளே நுழைந்து பாராத பரீட்சகர் நம்பிக்கையைக் காட்டவில்லை. தம் பணியைத் தவிர்க்கின்றார். அவ்வாறு தவிர்க்கப்படும் பணி இல்லாதொழிந்து போவதில்லை என்பதும், பின்னர் வேறு யாரோ, வேறு எங்கோ, வேறு நோக்கத்துடன் அதனைச் செய்து முடிப்பர் என்பதும் சிந்திக்கத்தக்கன. இதற்கு இஸ்ரேல் நாட்டிலே நிகழ்ந்த ஒரு சம்பவம் தக்க சான்றாகும்.

1998 ஆம் ஆண்டிலே தியோடர் கட்ஸ் என்பார் ஹைபா பல்கலைக்கழகத்துக்கு முதுகலைமாணி ஆய்வேடொன்றைச் சமர்ப்பித்தார். அவர் இளம் மாணவரல்லர். கிபுட்ஸ் எனப்படும் கூட்டுக்குடியிருப்பொன்றைச் சேர்ந்த, நடுவயது கடந்தவர். 1948 ஆம் ஆண்டுப் போரின்போது கார்மேல் மலையின் தென்புறத்து அரபுக் கிராமங்களிலிருந்து மக்கள் வெளியேறிய வரலாறே அவரது ஆய்வுப்பொருள். அக்கிராமங்களுள் ஒன்று மத்தியதரைக் கடலோரத்திலிருந்த தந்தூரா. 1948 மே 22 ஆம் திகதி இரவிலும் மறுநாளிலும் அலெக்சாந்திரோனி படைப்பிரிவினர் அதனைக் கைப்பற்றினர். கிராமம் பணிந்த பின்னரும் இருநூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் என்பது கட்ஸ் வந்தடைந்த முடிபு. எழுத்தாவணங்களில் இது குறித்துக் கிடைப்பன மிகச் சொற்பம். ஆதலால் அவர் கிராமத்தவராயிருந்தோரிடமும் அப்படைப்பிரிவின் முன்னாள் வீரரிடமும் சென்றார். நூற்றுக்கு மேற்பட்டோரைக் கண்டு உரையாடி, அவர் கூறியவற்றை ஒலிநாடாக்களிற் பதிவு செய்தார். ஒரே நிகழ்ச்சியைப் பற்றி இரு தரப்பாரிடமும் கேட்டறிய முயன்றமை அவரது முயற்சியின் சிறப்பாகும். பல்கலைக்கழகம் அவ்வாய்வேட்டுக்கு 97 புள்ளிகள் வழங்கியது.

2000 ஆம் ஆண்டு ஜனவரியிலே மாரிவ் என்னும் நாளிதழ் அவ்வாய்வேட்டின் செய்தியை வெளியிட்டது. அதுவரை அலுமாரியிற் கிடந்த ஏடு நாடறிந்த ஏடாயிற்று. படைப்பிரிவின் முன்னாள் வீரர் அவதூறு வழக்குத் தொடர்ந்தனர். அவ்வாண்டு திசெம்பர் மாதம் விசாரணை தொடங்கியது. வழக்காளியின் சட்டத்தரணி, பரீட்சகர் செய்திருக்கவேண்டிய காரியத்தைச் செய்தார். ஆய்வேட்டிலுள்ள மேற்கோள்களை ஒலிநாடாக்களுடனும் குறிப்புகளுடனும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஆறு இடங்களில் அவை பொருந்தவில்லை என்பது மன்றிலே வெளிப்பட்டது. சாட்சி ஒருவர் 'ஜேர்மானியர்' என்று கூறியிருக்க ஆய்வேட்டில் 'நாசிகள்' என்றிருந்தது அவற்றுள் ஒன்று. இத்தகைய வேறுபாடுகள் சில சிறியன. வேறு சில அவ்வளவு சிறியனவல்ல.

இரு நாட் குறுக்கு விசாரணைக்குப் பின்னர், உடல்நலமும் குன்றியிருந்த கட்ஸ், தமது முடிபுக்கு ஆதாரமில்லை என்ற பொருள்படும் கூற்றொன்றிற் கையொப்பமிட்டார். ஒரு நாள் கழிவதற்குள் அதனை மீளப்பெற விரும்பினார், நீதிமன்று இணங்கவில்லை. 2001 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றமும் அவரது மேன்முறையீட்டை நிராகரித்தது. பல்கலைக்கழகம் விழித்துக்கொண்டது இதன் பின்னரே. குழுவொன்று அமைக்கப்பட்டது, அது நாடாக்களைக் கேட்டது, குறைகளைக் கண்டது. திருத்தி மீளச் சமர்ப்பிக்க இடமளிக்கப்பட்டது. அவ்வாறு மீளச் சமர்ப்பிக்கப்பட்ட ஏடு புதிய பரீட்சகரால் ஏற்கப்படவில்லை. ஈற்றில் ஆய்வு சாராத முதுகலைமாணிப் பட்டமே கட்ஸுக்குக் கிடைத்தது.

தந்தூராவில் நிகழ்ந்தது யாது என்பதில் இஸ்ரேலிய வரலாற்றாசிரியரிடையே கருத்தொருமை ஏற்பட்டதில்லை. இலான் பப்பே கட்ஸின் முடிபை ஆதரித்து எழுதினார். யோவாவ் கெல்பர் அதனை மறுத்தார். 2022 ஆம் ஆண்டிலே வெளிவந்த ஆவணத் திரைப்படமொன்று அந்த ஒலிநாடாக்களை மீள ஒலிக்கச் செய்தது. தொண்ணூறு வயதை அண்மியும் கடந்தும் வாழ்ந்த முன்னாள் வீரர் சிலர், கொலைகள் நிகழ்ந்தமையை அதிலே ஒப்புக்கொண்டனர். வழக்கை விசாரித்த நீதிபதியும் அந்நாடாக்களின் பகுதியொன்றை அப்படத்திலேயே கேட்டார். வழக்கு உடன்பாட்டில் முடிந்தமையால் மன்றிலே சான்றுகள் முழுமையாகக் கேட்கப்படவேயில்லை.

கட்ஸை வீரராகப் போற்றுவோரும் உளர். பொய்யரெனத் தூற்றுவோரும் உளர். இரு சாராரும் ஒரு செய்தியைக் கவனியாது விடுகின்றனர். 97 புள்ளிகள் வழங்கப்பட்ட நாளிலும் அந்த ஆறு இடங்களும் அதே ஏட்டில் அவ்வாறேதான் இருந்தன. அன்று அவை எவர் கண்ணிலும் படவில்லை. அன்று ஒரு பரீட்சகர், சில மேற்கோள்களுக்குரிய நாடாக்களைக் கொணரும்படி கேட்டிருப்பாராயின், மாணவர் சில கிழமைகளில் அவற்றைத் திருத்தியிருப்பார். ஏனைய சான்றுகள் தம் வலிமையிலேயே நின்றிருக்கும். அளவிறந்த பாராட்டும் பின்னர் வந்த நிராகரிப்பும் ஒன்றுக்கொன்று முரண்பட்டன போலத் தோன்றினும் அவை ஒரே நோயின் இரு வெளிப்பாடுகளாம். முதலில் வாசியாது புகழ்ந்த நிறுவனம், பின்னர் அஞ்சி வாசித்தது. அச்சத்துடன் வாசிக்கப்படும் ஆய்வேடு எதுவும் சித்தியெய்துவது அரிது.

இங்கே கட்ஸின் கவனக்குறைவை மன்னித்துவிடவேண்டும் என வாதிடுவது தவறாகும். பாதிக்கப்பட்ட மக்களின் சார்பிலே பேசுகின்றோம் என்ற உணர்வு, மேற்கோளைச் சற்றே கூர்மைப்படுத்தும் உரிமையை எவருக்கும் அளிப்பதில்லை. சாட்சி சொல்லாத சொல்லொன்றை ஆய்வாளர் சேர்க்கும்போது, சாட்சி சொன்ன ஆயிரஞ் சொற்களும் ஐயத்துக்குள்ளாகின்றன. தம்மை நம்பி வாய்திறந்த முதியவருக்கு ஆய்வாளர் இழைக்கும் அநீதி அது. எனினும், அக்குறையை எடைபோடவேண்டிய இடம் நீதிமன்றன்று. அவதூறு வழக்கிலே கேட்கப்படுவது வழக்காளியின் மானத்துக்குப் பங்கமுண்டா என்பது. வரலாற்றாசிரியர் கேட்பதோ, இச்சான்று இம்முடிபின் பாரத்தைத் தாங்குமா என்பது. முன்னையதற்கு ஓர் உடன்பாட்டுக் கையொப்பம் போதுமானது. பின்னையதற்கு எத்தனை கையொப்பமும் விடையாகா.

ஆய்வேட்டைப் 'பாதுகாத்தல்' என்ற சொல்லும் இவ்விடத்தே நோக்கத்தக்கது. மேனாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் 'டிஃபென்ஸ்' என வழங்கும் இச்சொல், ஆய்வேட்டை ஒரு கோட்டையாகவும் பரீட்சகரை முற்றுகையிடுவோராகவும் மாணவரை எண்ண வைத்துவிடுகின்றது. தம் முடிபிலே ஒரு கல்லையேனும் இழப்பது தோல்வி என அவர் கருதுகின்றார். அதனால் ஐயமுள்ள இடங்களில் உறுதியாகப் பேசப் பழகுகின்றார். 'இதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை' என ஒரு மாணவர் வாய்மொழிப் பரீட்சையிற் கூறின், அதனை அவரது பலமாகக் கணிக்கும் பரீட்சகர் எத்தனை பேர்?

இலங்கை வரலாற்றுத்துறையிலேயே இதற்கு மாறான முன்னுதாரணம் ஒன்று உண்டு. முதுகலைமாணி நிலைக்கு மேற்பட்ட கலாநிதிப் பட்ட ஆய்வேடாயினும் அதனை இவ்விடத்திற் குறிப்பிடுதல் பொருந்தும். கா. இந்திரபாலா 1965 ஆம் ஆண்டிலே இலண்டன் பல்கலைக்கழகத்துக்குச் சமர்ப்பித்த ஆய்வேடு, இலங்கையில் திராவிடக் குடியேற்றங்கள் பற்றியும் யாழ்ப்பாண இராச்சியத்தின் தொடக்கம் பற்றியும் ஆராய்ந்தது. கி.பி. பத்தாம் நூற்றாண்டை அண்டிய காலத்துக்கு முன்னர் பரந்த, நிலையான தமிழர் குடியேற்றங்கள் இருந்தமைக்குப் போதிய சான்றில்லை என்பது அன்று அவர் கொண்டிருந்த கருத்து. அன்று கிடைத்த சான்றுகளைக் கொண்டு அவர் அவ்வாறு கூறினார். நூலுருப் பெறாத அவ்வாய்வேட்டை முழுமையாகப் படித்தோர் சிலரே. ஆயினும் அதிலிருந்து ஒரு வாக்கியத்தைப் பிடுங்கித் தமிழரின் தொன்மையை மறுக்கப் பயன்படுத்தியோர் பலர். அதே வாக்கியத்தைக் காட்டி அவர்மீது சினங்கொண்ட தமிழரும் பலர். இரு சாராருக்கும் மூல ஏடு தேவைப்படவில்லை.

இதற்கிடையே தொல்லியல் வளர்ந்தது. 1970 ஆம் ஆண்டிலே கந்தரோடையில் அகழாய்வு நடைபெற்றது. 1980 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவினர் ஆனைக்கோட்டையின் பெருங்கற்பண்பாட்டு ஈமக்குழியொன்றிலிருந்து பிராமி எழுத்துப் பொறித்த முத்திரையைக் கண்டெடுத்தனர். 2005 ஆம் ஆண்டிலே வெளியிட்ட நூலில் இந்திரபாலா தமது முற்கருத்துக்களுட் பலவற்றைத் தாமே கைவிட்டார். இலங்கையின் தமிழரும் சிங்களவரும் வந்தேறிகளின் வழித்தோன்றல்களாக மட்டும் கொள்ளத்தக்கவரல்லர் என்றும், தொல்குடிகளிடையே ஏற்பட்ட மொழிமாற்றத்தின் வழியே அவ்விரு இனக்குழுக்களும் உருப்பெற்றன என்றும் வாதிட்டார். நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் பட்டம் பெற்றுத் தந்த ஏட்டினைப் பாதுகாக்க அவர் முயலவில்லை. அவரது புதிய முடிபுகளையும் மறுப்போர் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆயினும் முதல் ஏட்டின் வாக்கியத்தைக் கொடியாக உயர்த்தியோர் எவரும் இரண்டாம் நூல் வெளிவந்தபின் அக்கொடியை இறக்கியதாகத் தெரியவில்லை.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஈண்டு எடுத்துரைப்பதற்குக் காரணமுண்டு. வடக்கு, கிழக்கு மாகாணங்களின் அண்மைக்கால வரலாற்றை எழுதப் புகும் மாணவருக்கு எழுத்தாவணம் எளிதிற் கிட்டுவதில்லை. 1981 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. ஒல்லாந்தர் காலத்து நிருவாக ஆவணங்கள் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள; அவற்றைப் படிப்பதற்குரிய ஒல்லாந்த மொழி பெரும்பாலான மாணவரிடம் இல்லை. போர்க்காலத்திலே இடம்பெயர்ந்த குடும்பங்கள் காணி உறுதிகளையும் கடிதங்களையும் வழிநெடுக இழந்தன. எஞ்சியிருப்பது முதியோரின் நினைவு. ஆகவே முதுகலைமாணி மாணவர் ஒருவர் தம் கிராமத்தின் கதையை எழுத விரும்பின், கட்ஸைப் போலவே ஒலிப்பதிவுக் கருவியுடன் வீடுவீடாகச் செல்லவேண்டியவராகின்றார்.

அவர் எதைக் கேட்கப்போகின்றார் என்பதிலேதான் சோதனை அடங்கியுள்ளது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அதனைத் தமிழ் மாணவர் ஒருவர் ஆய்வுப்பொருளாகக் கொண்டு, புத்தளத்துக்குச் சென்று வெளியேறியோரிடமும், ஊரிலே எஞ்சியிருந்த அயலாரிடமும் கேட்டு எழுதுகின்றார் என வைத்துக்கொள்வோம். 2009 ஆம் ஆண்டு முள்ளிவாய்க்காலில் நிகழ்ந்தவற்றை இன்னொரு மாணவர் எழுதுகின்றார் எனவும் கொள்வோம். முன்னவர்மீது அவருடைய சமூகமே சினங்கொள்ளக்கூடும். பின்னவர்மீது அரசு ஐயங்கொள்ளக்கூடும். அந்நாளில் அவ்வேடுகளுக்குப் பட்டமளித்த துறை, 'இதன் அடிக்குறிப்புகளை நாம் பார்த்தோம், ஒலிப்பதிவுகளைக் கேட்டோம், இவை பொருந்துகின்றன' என எழுந்து கூற இயலுமா? பார்த்திருந்தாலன்றிக் கூற இயலாது. ஆய்வுச் சுதந்திரம் பற்றி மேடைகளில் முழங்கும் பேராசிரியப் பெருமக்கள் இச்சிறிய காரியத்தைச் செய்யாது விடுவார்களாயின், மாணவரைத் தனியே நீதிமன்றுக்கு அனுப்புகின்றவர் அவர்களேயாவர்.

செய்யவேண்டியது கடினமானதன்று. வாய்மொழிப் பரீட்சைக்கு ஒரு கிழமைக்கு முன்னர், பரீட்சகர் தாம் விரும்பும் இருபது அடிக்குறிப்புகளைத் தெரிந்து, அவற்றுக்குரிய ஆவணப் பிரதிகளையும் ஒலிப்பதிவுகளையும் கொணரும்படி மாணவருக்கு அறிவிக்கலாம். முந்நூறு அடிக்குறிப்புகளில் இருபதே பார்க்கப்படும் என்றாலும், எந்த இருபது என்பதை அறியாத மாணவர் முந்நூறையும் ஒழுங்காக வைத்திருப்பார். பரீட்சை முடிந்ததும் ஒலிப்பதிவுகளின் பிரதியொன்று துறையின் பொறுப்பிலே வைக்கப்படவேண்டும். இன்றேல் பட்டம் பெற்ற மறுநாளே அவை மேசை இழுப்பறைக்குட் போய், கருவி பழுதடையும்போது தாமும் மறைந்துவிடும். பரீட்சையும் கதவைத் திறந்துவைத்து நடத்தப்படவேண்டும். சுவீடனிலே கலாநிதிப் பட்ட ஆய்வேட்டைப் பரீட்சைக்குச் சில வாரங்களுக்கு முன்னரே பல்கலைக்கழகத்தில் ஆணியடித்துத் தொங்கவிடும் மரபுண்டு. விரும்பிய எவரும் படித்து வரலாம், அரங்கிலிருந்து வினாவலாம். ஆணி அடிக்கவேண்டுமென்பதில்லை. நூலக மேசையொன்றில் இரு கிழமைகள் வைத்தாற் போதும்.

இதற்கு மூன்று தடைகள் கூறப்படும். பரீட்சகருக்கு நேரமில்லை, வழங்கப்படும் கொடுப்பனவும் சிறிது என்பது முதலாவது. கொடுப்பனவு சிறிது என்பது மெய்யே. அதற்கேற்ப ஏற்கும் ஏடுகளின் தொகையைக் குறைக்கலாமேயன்றி, பார்க்கும் பார்வையைக் குறைத்தல் தகாது.

இரண்டாவது தடை பாரமானது. சாட்சியமளித்தோரின் பாதுகாப்பு என்னாவது? இந்நாட்டிலே காணாமலாக்கப்பட்டோரைத் தேடும் தாயொருத்தி தன் பெயரைக் கூற அஞ்சுவதில் வியப்பில்லை. அவளது குரலைத் துறையின் அலுமாரியில் வைப்பது அவளை ஆபத்திலாழ்த்தாதா? ஆழ்த்தக்கூடும். ஆதலாற் பெயர்கள் ஏட்டிலே குறியீடுகளால் மாற்றப்படவேண்டும். குறியீடும் பெயரும் இணைந்த பட்டியல் ஒலிப்பதிவுகளுடன் ஒருபோதும் வைக்கப்படலாகாது. அவள் மறுத்தால் அவளது பதிவைப் பரீட்சகர் மட்டும் கேட்டு உடனே மாணவரிடம் மீளக் கையளிக்கவேண்டும். அதற்கும் அவள் இணங்காவிடின் அச்சான்றை அவ்வேட்டில் ஆதாரமாகக் கொள்ளாது விடுவதே முறை. முடிபு சற்று நலிவடையும். அந்நலிவை ஏட்டிலேயே எழுதிவைத்த மாணவர் புள்ளி இழக்காதிருக்கவேண்டும். இவ்வேற்பாடுகளாலும் ஆபத்து முற்றாக நீங்கிவிடாது என்பதை மறைப்பதிற் பயனில்லை. ஆயினும் ஒழுங்கேதுமின்றி மாணவரின் கைத்தொலைபேசியிலே அக்குரல்கள் கிடக்கும் நிலையினும் இது பாதுகாப்பானதே.

கதவைத் திறந்தால் ஆய்வறியாத கூட்டமும் உள்ளே வரும் என்பது மூன்றாவது. வரட்டும். கட்ஸின் ஏட்டுக்கு அக்கூட்டம் நாளிதழின் வழியாக வந்தது. ஏட்டைக் கையிலெடாமலே வந்தது. பரீட்சை அரங்கின் பின்வரிசையில் அமர்ந்து, மாணவர் சான்றைக் காட்டுவதையும் பரீட்சகர் அதனை வினாவுவதையும் கண்டு சென்ற ஒருவர், மறுநாள் சந்தியில் நின்று பேசும்போது சற்றேனும் வேறு விதமாகப் பேசக்கூடும். பேசாதும் விடலாம். ஆனால் அன்று அரங்கிலே தமக்கு வாய்த்த வினாவை ஏன் வினவவில்லை என்று அவரிடம் கேட்க எவருக்கும் உரிமையுண்டு.

இவற்றுட் பெரும்பாலானவற்றுக்குப் புதிய சட்டமோ நிதியொதுக்கீடோ வேண்டியதில்லை. அடுத்த வாய்மொழிப் பரீட்சையிலேயே, தேநீர் வருவதற்கு முன்னர், ஒரு பரீட்சகர் ஏட்டைப் புரட்டி, நாற்பத்தேழாம் அடிக்குறிப்பின் மூலப்பிரதியைக் காட்டும்படி கேட்கலாம்.